மஜகான் கப்பல் தளம்

பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மஜகானில் 1774-ஆம் ஆண்டு ஒரு சிறு உலர்துறையாகத் தோன்றி, 1934-இல் தனியார் கம்பெனியாகப் பதிவுபெற்று, கப்பல்களைப் பழுதுபார்ப்பதையே முக்கியத் தொழிலாகக் கொண்டிருந்த இந்த ஸ்தாபனம், 1960-இல் இந்திய சர்க்கார் அதனைத் தன் உடைமையாக்கிப் பாதுகாப்பு அமைச்சின் நிர்வாகத்தில் வைத்த பிறகே, யுத்தக் கப்பல் நிர்மாணத்தின் கேந்திரமாக உயர்ந்தது.

பிரிட்டிஷ் கம்பெனிகளான விக்கர்ஸ் (Vickers), யாரோ (Yarrow) ஆகியவற்றின் ஒத்தாசையுடன் லியாண்டர் வகைப் போர்க்கப்பல்களை இங்கே கட்டத் தீர்மானித்தபோது, சர்க்கார் ஒரே ஒரு கப்பலுடன் நின்றுவிடாமல், ஒன்றன்பின் ஒன்றாக ஆறு கப்பல்களைக் கட்டுவித்ததே, மூலதனம் அளித்ததைக் காட்டிலும் பெரிய ஆதரவு என்று சொல்லவேண்டும். ஏனெனில், முதற் கப்பலில் தட்டுத்தடுமாறிக் கற்ற வித்தை, அடுத்த கப்பலுக்கு வேலையில்லாத தளத்தில் தொழிலாளரோடு கலைந்து போய்விடும். அவ்வரிசையின் முதற் கப்பல், நம் மலையின் பெயரையே தாங்கிய 'நீலகிரி', 1968-இல் இந்திரா காந்தி அம்மையாரால் நீரில் இறக்கப்பெற்று, 1972-இல் கடற்படையிற் சேர்ந்தது. இறுதிக் கப்பலாகிய 'விந்தியகிரி' 1981-இல் சேர்ந்தது. அவ்வரிசைக்குப் பின், இந்தியக் கடற்படையினரே வரைந்த 'கோதாவரி' என்ற போர்க்கப்பல் 1983-இல் இதே தளத்திலிருந்து வெளிவந்தது.