ஹுஸ்கூரும் அதன் சுற்றூர்களும்

ஆனேக்கல் வட்டத்தில், சர்ஜாபுரத்திற்கு மேற்கே அமைந்த சிற்றூர் ஹுஸ்கூர். கேழ்வரகும் அவரையும் கொள்ளும் விளையும் செம்மண் நிலம் அது. மழைநீரை ஏரிகளில் தேக்கி உழுதுண்டு வாழ்ந்தோர் அதன் குடிகள். இத்தகைய ஊர்களை அரசர் வரலாறு மிகுதியும் பேசுவதில்லை. ஆயினும் அவற்றிற்கு வரலாறே இல்லை எனல் பொருந்தாது.

11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கங்கரை வென்றபின் இப்பகுதி சோழராட்சியில் அடங்கிற்று. 1116-ஆம் ஆண்டளவில் போசள விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றிய பின்னரும் இந்நாட்டில் தமிழ்க் கல்வெட்டுகள் பொறிக்கப்பெற்றன. லூயிஸ் ரைஸ் 1905-இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில், ஆனேக்கல் வட்டத்துக் கன்னடச் சாசனங்களோடு தமிழ்ச் சாசனங்களையும் காண்கிறோம். இரு மொழியினரும் நெடுங்காலமாக அண்டை வீட்டாரே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கல்லில் எழுதப்படாத வரலாறும் ஹுஸ்கூருக்கு உண்டு. அதுவே மத்தூரம்மன் திருவிழா. மார்ச்சு, ஏப்பிரல் திங்களில் நிகழும் இவ்விழாவிற்குச் சுற்றூர்கள் தத்தமக்கெனத் தேர் கட்டிக் கொணர்கின்றன. மரமும் மூங்கிலும் கொண்டு அடுக்கடுக்காய் எழுப்பி, வண்ணத் துணிகளால் போர்த்திய அத்தேர்கள் நூறடிக்கும் மேல் உயர்வன. எருதுகள் இழுத்த அவற்றை இழுக்க இன்று டிராக்டர்களும் துணை நிற்கின்றன. அம்மன் ஓரூரில் வீற்றிருப்பினும் விழா பல ஊர்களுக்கும் உரியது. ஓசூர்ப் பக்கத்துத் தமிழரும் திரளாக வருவர்.

எலக்ட்ரானிக் சிட்டி அருகே எழுந்ததும் வயல்கள் மனைகளாயின, ஏரிகள் நலிந்தன. உழவு குன்றிய ஊர்களிலும் தேர்மீது கொண்ட பற்றுக் குன்றவில்லை. ஆனால், உயரத்தில் ஊருக்கு ஊர் போட்டி மிகுதல் நன்றன்று. 2024-இல் தேரொன்று சாய்ந்தது. 2025 மார்ச்சு 22-இல் காற்றும் மழையும் மோதத் தேர்கள் சரிந்தன. ஓசூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அண்டை ஊர்களை ஒன்றுகூட்டும் விழா, அண்டை வீட்டில் இழவு விழக் காரணமாதல் தகுமோ?

தேரின் பெருமை அதன் உயரத்தில் இல்லை. அதன் வடத்தைப் பல ஊர்க் கைகள் சேர்ந்து பற்றுவதில் உள்ளது. உயரத்திற்கு வரம்பு கட்டி, காற்று மிகும் பொழுதில் தேரை நிறுத்திவைக்க ஊர்ப் பெரியோர் ஒருமனப்பட்டு முன்வருதல் வேண்டும். பிழைப்புத் தேடி இவ்வட்டத்தில் குடியேறிய தமிழராகிய நாமும் வேடிக்கை பார்ப்போராக நில்லாது, அப்பணியில் கன்னட உடன்பிறப்புகளுக்குத் தோள் கொடுப்போமாக!