வெடியோசைக்கு முன் புறப்பட்ட பிள்ளை: கண்டிப் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளும் கற்றல் இடர்பாடுடைய மாணவரும்

கண்டிப் பாடசாலைகள் தங்கள் விளையாட்டு மரபை எண்ணிப் பெருமைப்படுவதில் நியாயம் உண்டு. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் வெள்ளி வென்று இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைத் தேடித்தந்த டங்கன் வைட், கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்றவர். அக்கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக 1945 முதல் றகர் களத்தில் மோதிவருகின்றன. இந்த மரபில் விளையாட்டுக் கண்ணியம் என்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் நடத்தையாகவே கொள்ளப்படுகிறது. தோற்றாலும் கைகுலுக்க வேண்டும்; மத்தியஸ்தரோடு வாதிடக் கூடாது; வரிசை குலையாமல் நிற்க வேண்டும்; வெடியோசை கேட்கும்வரை அசையக் கூடாது. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் கற்றல் இடர்பாடுடைய பிள்ளை பல வேளைகளில் கண்ணியம் இல்லாதவனாகத் தெரிவான். அளவுகோலையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வெடியோசைக்கு முன் புறப்படுவதை எடுத்துக்கொள்வோம். 2003 முதல் 2009 வரை சர்வதேச விதி, முதல் தவறை ஓட்டக்காரர் அனைவருக்கும் பொது எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டது. இரண்டாம் முறை யார் முந்தினாலும் அவர் வெளியேற வேண்டும். சிலர் எதிராளியைப் பதற்றப்படுத்தவென்றே வேண்டுமென்று முந்திப் புறப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2010 முதல் ஒரே தவறுக்கு வெளியேற்றம் என்றானது. தந்திரக்காரரைக் கட்டுப்படுத்த வளர்ந்தவர்களுக்காக எழுதப்பட்ட விதி அது. அதை அப்படியே பத்து வயதுப் பிள்ளைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குக் கொண்டுவந்தால் யார் அகப்படுவார்? தந்திரம் அறியாத, உந்துதலை அடக்கிக் காத்திருப்பதே பெரும்பாடாக உள்ள, கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் கொண்ட பிள்ளைதான். 200 மீற்றரில் ஒவ்வொரு ஓடுபாதைக்கும் தொடக்கக் கோடு ஏன் வேறு வேறு இடத்தில் இருக்கிறது என்பதை ஒலிபெருக்கி அறிவிப்பிலிருந்து புரிந்துகொள்வது, கேட்டதை ஒழுங்குபடுத்திக்கொள்ள நேரம் தேவைப்படும் பிள்ளைக்குக் கடினம். வலய மட்டத்தில் அந்த அறிவிப்பு சிங்களத்தில் மட்டும் வருமானால் தமிழ்மொழிமூலப் பிள்ளைக்கு இடர் இரட்டிப்பாகிறது. அஞ்சலோட்டத்தில் இத்தகைய பிள்ளை கோல் மாற்றும் எல்லையைத் தாண்டிவிட்டால் அணியின் நான்கு பேரும் தகுதியிழக்கிறார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளையின் பெயரை இல்லத் தலைவர் எழுதமாட்டார். இந்தத் தவறுகளில் எதிலும் எதிராளியை ஏமாற்றும் எண்ணம் இல்லை. எண்ணமில்லாத இடத்தில் கண்ணியக் குறைவைக் காண்பது பெரியவர்களின் பிழை.

விதியும் நியாயமும் மோதிய மிகப்பெரிய வழக்கு ஒன்று கண்டி மண்ணிலிருந்தே உலகுக்குச் சென்றது. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் பழைய மாணவரான கிரிக்கெட் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனின் கை பிறவியிலேயே முழங்கையில் முற்றாக நீளாதது. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயார் அவர் பந்தை எறிகிறார் என்று ஏழு முறை நோ போல் அறிவித்தார். கண்ணால் கண்டதே அன்று தீர்ப்பாயிற்று. பின்னர் ஆய்வுகூடங்களில் அவரது கையின் அசைவு அளக்கப்பட்டது. இதில் முக்கியமானது அடுத்து நடந்தது: மற்றப் பந்துவீச்சாளர்களையும் அளந்தபோது, பிழையற்றவை என்று கருதப்பட்ட பந்துவீச்சுகளிலும் பெரும்பாலானவற்றில் முழங்கை ஓரளவு நிமிர்வது தெரியவந்தது. சுழற்பந்துக்கு 5 பாகை, வேகப்பந்துக்கு 10 பாகை என்றிருந்த எல்லை 2005இல் எல்லோருக்கும் 15 பாகையாயிற்று. அதை முரளிக்குக் காட்டிய சலுகை என்று இன்றும் சொல்வோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பழைய விதி யாருடைய உடலையும் சரியாக விவரித்திருக்கவில்லை; வேறுபட்ட ஒரு கை அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

முழங்கை வேறு, மூளையின் இயக்கம் வேறு என்று மறுக்கலாம். வேறுதான். ஆயினும் தீர்ப்பளிக்கும் முறை ஒன்றே. வேறுபாடுடைய ஒருவரை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, மற்றவர்களை அளக்காமலே பிழையற்றவர்கள் என்று கொள்கிறோம். காத்திருக்க முடியாத பிள்ளையைக் கண்டிக்கும் அதே மைதானத்தில், எதிர் இல்லத்து ஓட்டக்காரரைக் கூச்சலிட்டுக் கலைக்கும் பெற்றோரையும் பழைய மாணவரையும் யாரும் அளப்பதில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. விதியைத் தளர்த்தினால் வஞ்சகர் நுழைவர். 2000 சிட்னி பராலிம்பிக்கில் அறிவுசார் குறைபாடுடையோருக்கான கூடைப்பந்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியின் 12 பேரில் 10 பேருக்கு அத்தகைய குறைபாடே இல்லை என்பது அம்பலமானது. பதக்கங்கள் பறிக்கப்பட்டன, கூடவே அறிவுசார் குறைபாடுடைய எல்லா வீரருக்கும் பராலிம்பிக்கின் கதவு அடைபட்டது. 2012 இலண்டனில்தான் சில போட்டிகளில் அது மீண்டும் திறந்தது. குறைபாடு இல்லாதவர்களின் வஞ்சகத்துக்குக் குறைபாடுடையவர்கள் பன்னிரண்டு ஆண்டு தண்டனை அனுபவித்தார்கள். சரிபார்ப்பு வேண்டும் என்பதற்கு இது சான்று. தளர்வே வேண்டாம் என்பதற்கு இதைச் சான்றாக்குவது அந்த அநீதியைத் தொடர்வதாகும்.

ஒதுக்கலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பொய்க் கருணையும் இருக்கிறது. எல்லா நிகழ்ச்சிகளும் முடிந்தபின் 'விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான ஓட்டம்' என்று ஒன்றை வைத்து, ஓடிய எல்லோருக்கும் ஒரே பரிசைக் கொடுத்து, பார்வையாளரைக் கைதட்டச் சொல்வது. வலிமையுள்ளவன் வேண்டுமென்றே பின்தங்கி வெற்றியை விட்டுக்கொடுப்பதும் அதே வகை. எதிராளியை மதிப்பதென்றால் அவனோடு முழு மூச்சாக ஓட வேண்டும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் பலர் ஓடத் தடுமாறுவதில்லை. அவர்களுக்குத் தனி ஓட்டம் எதற்கு?

பரீட்சை மண்டபத்தில் இந்த விளக்கம் நமக்கு ஓரளவு வந்துவிட்டது. விசேட தேவையுடைய பரீட்சார்த்தி மேலதிக நேரம் கோரி விண்ணப்பிக்கலாம். வினா அவருக்கும் அதேதான். மைதானத்தில் இதற்கு ஈடானவை செலவில்லாதவை. இல்ல மட்டத்தில் முதல் தவறுக்கு எச்சரிக்கை மட்டும் போதும். ஓடுபாதையை முதல் நாளே நடத்திக் காட்டலாம். கட்டளையோடு கையசைவும் சேரலாம். தோற்றபின் அழுகையோ ஆத்திரமோ தணிய சில நிமிடம் கொடுத்து, அதன்பின் கைகுலுக்கச் சொல்லலாம். கைகுலுக்குவதையும் நீளம் பாய்தலைப் போலப் படிப்படியாகப் பழக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் ஓடிமுடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இல்லத்துக்கு ஒரு புள்ளி என்றால், பின்வரிசைப் பிள்ளையைப் பயிற்றுவிக்க இல்லத் தலைவருக்கே அக்கறை பிறக்கும். இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தின் 30ஆம் உறுப்புரை, பாடசாலை விளையாட்டில் பிள்ளைகளின் சம பங்கேற்பை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. எனவே இது அதிபரின் பெருந்தன்மையைப் பொறுத்த விடயமாக இருக்க முடியாது.

நகரத்துப் பெரிய கல்லூரிகளைவிட எனக்குக் கவலை தருவன கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகள். அங்கே கற்றல் இடர்பாடு இனங்காணப்படாமலே 'படிப்பு ஏறாத பிள்ளை' என்ற பெயரில் மறைந்துபோகிறது. அத்தகைய பிள்ளையைப் பாடசாலையோடு கட்டிவைத்திருப்பது பல வேளைகளில் விளையாட்டு ஒன்றுதான். அதிலிருந்தும் அவன் தகுதியிழந்தால் இடைவிலகலுக்கு அதிக தூரமில்லை. வலயக் கல்வி அலுவலகமும் பேராதனைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரே ஒரு பருவம் ஒரு பதிவை நடத்தலாம்: யார் பெயர் கொடுத்தார்கள், யார் விடப்பட்டார்கள், யார் எந்தத் தவறுக்காக வெளியேற்றப்பட்டார்கள் என்று, கற்றல் இடர்பாடுடையோர் என்று அறியப்பட்டவர்களை மட்டுமன்றி ஓடும் பிள்ளைகள் அனைவரையும் சேர்த்து.