மரக்கறிப் பாத்தி (டயகம, மலையகம்)

டயகமவில் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னாலும் ஓடைக்கரையிலும் தேயிலை நடாமல் விட்ட சரிவுகளிலும் மரக்கறி பயிரிடும் சிறு நிலம். டயகம, நுவரெலியா மாவட்டத்தில் அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோட்டன் சமவெளியை ஒட்டிய மலைப்பகுதி. என்ன பயிரிடுவது என்பதில் பாதியைக் குளிரும் மண்ணும் முடிவு செய்கின்றன; நிலம் எத்தனை நாள் கையில் இருக்கும் என்பது மீதியை முடிவு செய்கிறது.

வரலாறு: மலைநாட்டின் ஐரோப்பிய மரக்கறிகளுக்கு நுவரெலியாவே தாய்வீடு. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் அங்கே வெள்ளையர் உடல் தேற்றிக்கொள்ளும் வாசஸ்தலத்தை அமைத்தார். ஆயினும் முறையான பண்ணை என்ற வகையில் ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கரின் 1848ஆம் ஆண்டு முயற்சியையே தொடக்கமாகக் கொள்ள வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கலப்பைகளையும் அவர் மலையேற்றினார். காட்டை வெட்டியதும் தெரிந்த கருமண் வளமாகத் தோன்றினாலும், எரு போடாமல் அதில் பயிர் நிற்கவில்லை. இன்றும் டயகமவில் மாடு வைத்திருக்கும் வீட்டுப் பாத்தி தனியாகத் தெரியும்.

1861இல் சிங்கோனாவுக்காக ஹக்கல பூங்கா தொடங்கியது. 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கியபின் டயகமவை உள்ளடக்கிய திம்புள்ளப் பகுதி தேயிலைக்கு மாறியது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்குப் பழகிய வெண்டியும் கத்தரியும் இந்தக் குளிரில் சோம்பிவிடும். பங்களாவில் துரைமாருக்கென விளைந்த கோவாவும் கரட்டும் லயத்துக் கறியானதற்கு அதுவே காரணம், ருசி அல்ல. 1942இல் பர்மா அரிசி நின்று பங்கீடு வந்தது. 1973-74 பஞ்சத்தில் தோட்டங்களில் சாவு கூடியது. அத்தகைய காலங்களில் பாத்தி வயிற்றுக்கானது. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்டதும் அது காசுக்குமானது. ஹோட்டன் சமவெளியின் புல்வெளியில்கூட 1960களில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள்.

வகைப்பாடு: தாவரக் குடும்பத்தைவிட நாட்கணக்கில் பிரிப்பதே இங்கு பொருந்தும். முள்ளங்கி 40-45 நாளிலும், நோக்கோலும் போஞ்சியும் ஏறத்தாழ இரண்டு மாதத்திலும் கைக்கு வரும். கோவா, கரட், உருளைக்கிழங்குக்கு மூன்று மாதமளவு வேண்டும். லீக்ஸ், நாற்றுமேடையிலிருந்து கணக்கிட்டால், ஐந்தாறு மாதம் கேட்கும். தோட்ட நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கக்கூடிய நிலத்தில் குறுகிய காலப் பயிரே புத்திசாலித்தனம். லீக்ஸ் போட்டவருக்கு நிலத்தில் நம்பிக்கை இருக்கிறது என்று பொருள். அல்லது விலையில் ஆசை. பந்தலில் ஒருமுறை ஏற்றினால் ஆண்டுக்கணக்கில் காய்க்கும் சௌசௌவை, யாரும் திருப்பிக் கேட்காத லயத்தோரம் வைப்பதும் இதே கணக்குத்தான். கொழுந்து மலைக்குப் போய்வரும் பெண்ணுக்கு மாலையில் எஞ்சும் வெளிச்சமும் இன்னொரு கணக்கு: போஞ்சிக்குக் கம்பு நடவேண்டும், கரட்டில் நெருக்கம் களைய வேண்டும், முள்ளங்கி எதையும் கேட்பதில்லை.

மண்: தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும்; கோவாவுக்கு அது ஆகாது. அத்தகைய மண்ணில் நன்றாக நின்ற கோவா நடுப்பகலில் வாடி, அந்தியில் நிமிர்ந்தால், பிடுங்கிப் பார்க்க வேண்டும். வேர் விரல்விரலாக வீங்கியிருக்கும். இது வேர்வீக்க நோய். பிடித்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். டொலமைட் தூவிப் புளிப்பைக் குறைப்பதும், அந்த இடத்தில் கோவா, நோக்கோல், முள்ளங்கி மூன்றையும் தவிர்த்து போஞ்சிக்கோ லீக்ஸுக்கோ மாறுவதும் வழி. மூன்றும் ஒரே குடும்பம் என்பதை மறந்து மாற்றிமாற்றி நடுவோர் பலர். அடுப்புச் சாம்பலும் புளிப்பைத் தணிக்கும். விறகடுப்பு உள்ள வீட்டில் அது செலவில்லாமல் கிடைக்கிறது. உருளைக்கிழங்குக்கு மழைக்காலத்தில் இலைக்கருகல் பெரும் பகை. காட்டோரப் பாத்தியில் காட்டுப்பன்றி கிழங்கை முதலில் தோண்டும். ஆகவே அங்கே கிழங்கு வைப்பது வீண்வேலை.

தற்போதைய நிலை: 2021 மேயில் வந்த இரசாயன உரத் தடை அவ்வாண்டு நவம்பரில் நீங்கியது. 2022 பொருளாதார நெருக்கடியில் வீட்டுத்தோட்டம் மீண்டும் அரசின் பேச்சானது. 7 பேர்ச் காணியில் தனிவீடு பெற்றோர் (1,900 சதுர அடிக்குச் சற்று மேல், வீடும் அதற்குள்) முற்றத்தில் பாத்தி போடுகின்றனர். லயத்தில் இருப்போர் பழையபடி ஓடைக்கரையில்.