ஏரியான் 501 தோல்வியும் சோதனைத் திட்டமும்

ஏரியான் 501 என்பது ஐரோப்பாவின் ஏரியான் 5 ஏவூர்தியின் முதற்பயணத்துக்கு வழங்கப்பட்ட பெயர். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பிய இந்த ஏவூர்தி, ஏறத்தாழ 40 வினாடிகளில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் பாதை விலகிச் சிதறியது. ஆளில்லாப் பயணம் என்பதால் உயிரிழப்பு ஏற்படவில்லை. ஆனால் புவியின் காந்த மண்டலத்தை ஆராய்வதற்காக அதில் வைக்கப்பட்டிருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அழிந்தன. தோல்விக்குக் காரணம் மென்பொருளில் இருந்த ஒரு வழு. அந்த வழுவைத் தரையிலேயே காட்டியிருக்கக்கூடிய சோதனை, திட்டத்தில் இடம்பெறாமல் போனது எப்படி என்பதே இந்நிகழ்வை மென்பொருள் சோதனை வரலாற்றில் முக்கியமானதாக்குகிறது.

சோதனை ஆவணங்கள் உருவான விதம்

கணினிகளின் தொடக்க காலத்தில் நிரலை இயக்கிப் பார்ப்பதும் பிழையைத் திருத்துவதும் ஒரே வேலையாகக் கருதப்பட்டன. 1957-இல் சார்லஸ் பேக்கர் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். நிரல் ஓடும்படி செய்வது ஒரு வேலை. அது தீர்க்க வேண்டிய சிக்கலைத் தீர்க்கிறதா என்று பார்ப்பது வேறொரு வேலை. 1969-இல் ரோம் நகரில் நடந்த நேட்டோ மென்பொருள் பொறியியல் மாநாட்டில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஓர் எல்லையைச் சுட்டினார். சோதனையால் வழு இருப்பதைக் காட்ட முடியும், வழுவே இல்லை என்று நிறுவ முடியாது என்பது அவர் கருத்து.

1979-இல் கிளென்ஃபோர்ட் மையர்ஸ் மென்பொருள் சோதனை பற்றி எழுதிய நூல், வழுவைக் கண்டுபிடிக்கும் நோக்கத்துடனேயே நிரலை இயக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. உள்ளீடு மட்டும் சோதனை நேர்வு ஆகாது, எதிர்பார்க்கும் விளைவையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்றும் அந்நூல் கூறியது. விளைவைப் பார்த்த பிறகு 'இது சரிதான்' என்று முடிவு செய்தால், தவறான விடையும் சரியாகத் தோன்றிவிடும்.

1983-இல் ஐ.இ.இ.இ. அமைப்பு சோதனை ஆவணங்களுக்காக 829 என்ற தரநிலையை வெளியிட்டது. சோதனைத் திட்டம், சோதனை வடிவமைப்பு, சோதனை நேர்வு, செய்முறை, சோதனைப் பதிவேடு, சுருக்க அறிக்கை முதலிய எட்டு ஆவணங்களை அது வரையறுத்தது. எதைச் சோதிக்கப் போகிறோம், எந்த அணுகுமுறையில், எந்தச் சூழலில், யார் பொறுப்பில், எப்போது தேர்ச்சி, எப்போது தோல்வி என்பனவற்றோடு, எதைச் சோதிக்கப் போவதில்லை, ஏன் என்பதற்கும் சோதனைத் திட்டத்தில் தனித் தலைப்பு தரப்பட்டது. பல குழுக்கள் இந்தத் தலைப்பை ஒப்புக்கு நிரப்பிவிட்டுக் கடந்துசெல்வதுண்டு. அதன் கனம் எவ்வளவு என்பதை ஏரியான் 501 காட்டியது.

ஏவுதலும் சிதறலும்

ஏவூர்தி எத்திசையில், எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்பதை நிலைம வழிகாட்டிக் கருவி அளந்து சொல்லும். அதன் தரவைக் கொண்டு மையக் கணினி எஞ்சின்களின் முனைகளைத் திருப்பும். ஏரியான் 5-இல் இத்தகைய கருவிகள் இரண்டு இருந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று பொறுப்பேற்க வேண்டும். இரண்டிலும் வன்பொருளும் மென்பொருளும் ஒன்றே.

முதன்மை எஞ்சினைப் பற்றவைக்கும் வரிசை தொடங்கிய சுமார் 37 வினாடிகளில் மாற்றுக் கருவி செயலிழந்தது. 72 மில்லி வினாடிகளுக்குள் முதன்மைக் கருவியும் அதே காரணத்தால் நின்றது. நிற்கும் முன் அது அனுப்பிய பிழை அறிவிப்பை மையக் கணினி பறப்புத் தரவு என்று எடுத்துக்கொண்டது. இல்லாத விலகலைச் சரிசெய்ய எஞ்சின் முனைகள் முழுக்கோணத்துக்குத் திருப்பப்பட்டன. காற்றின் விசையில் ஏவூர்தி பிளவுபடத் தொடங்கியதும், தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் அமைப்பு இயங்கியது. ஏவுதளத்தைச் சூழ்ந்த சதுப்பு நிலத்திலும் புல்வெளியிலும் சிதறிய பாகங்களிலிருந்து இரண்டு நிலைமக் கருவிகளும் மீட்கப்பட்டன.

வழு என்ன?

கருவியின் மென்பொருள் பெரும்பாலும் ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. அதிலிருந்த ஒரு கட்டளை, கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றியது. 16 பிட் முழு எண்ணில் −32,768 முதல் 32,767 வரையே அடங்கும். ஏரியான் 4-இன் பாதையில் அந்த மதிப்பு இந்த எல்லையைத் தாண்டவே இல்லை. ஏரியான் 5-இன் தொடக்கப் பாதையிலோ கிடைத்திசை வேகம் ஐந்து மடங்கு விரைவாகக் கூடியது. எண் எல்லையை மீறியது, பிழை ஏற்பட்டது, கருவியின் செயலி நிறுத்தப்பட்டது.

இத்தகைய ஆபத்துள்ள மாறிகள் ஏழு என்று உருவாக்குநர்கள் முன்பே கண்டறிந்திருந்தனர். செயலியின் பளு 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற இலக்கு இருந்ததால், நான்கு மாறிகளுக்கு மட்டும் பாதுகாப்பு எழுதப்பட்டது. எஞ்சிய மூன்றின் மதிப்பு இயற்பியல் காரணங்களால் பெரிதாகாது, அல்லது எல்லைக்கு வெகு கீழேயே நிற்கும் என்று கருதப்பட்டது. ஏரியான் 4-க்குப் பொருந்திய அந்தக் கணிப்பு ஏரியான் 5-க்கும் பொருந்துமா என்று மறுபடி பார்க்கப்படவில்லை.

அந்தக் கணக்கீடே ஏரியான் 5-க்குப் பறக்கும்போது தேவைப்படவில்லை. அது ஏவுவதற்கு முன் கருவியை நேர்ப்படுத்தும் பகுதியைச் சேர்ந்தது. ஏரியான் 4-இல் கவுண்ட்டவுன் கடைசி நொடிகளில் நின்றுபோனால் விரைவில் மீண்டும் தொடங்க உதவும் என்பதற்காக, கிளம்பிய பிறகும் சில வினாடிகள் அது ஓடும்படி விடப்பட்டிருந்தது. இயங்குவதை எதற்குத் தொட வேண்டும் என்ற எண்ணத்தில் அதே ஏற்பாடு புதிய ஏவூர்திக்கும் வந்து சேர்ந்தது.

ஏன் சோதனையில் சிக்கவில்லை?

கணிதவியலாளர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 1996 ஜூலை 19 அன்று அறிக்கை அளித்தது. சோதனை தொடர்பாக அது வெளிப்படுத்தியவை மூன்று.

முதலாவது, நிலைமக் கருவியின் தேவைகள் ஆவணத்தில் ஏரியான் 5-இன் பாதைத் தரவு சேர்க்கப்படவில்லை. இது மறதியால் நேர்ந்ததன்று. சேர்க்க வேண்டாம் என்று தரப்புகள் கூடி எடுத்த முடிவு. சோதனை நேர்வுகள் தேவைகளிலிருந்தே பிறக்கின்றன. தேவையில் இல்லாத பாதைக்கு நேர்வு எழுத யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

இரண்டாவது, கருவியைத் தனியாகச் சோதித்த கட்டத்தில், புதிய பாதையின் தரவைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை எதுவும் நடைபெறவில்லை. சுழல் மேடையில் கருவியை வைத்து, பறப்பில் எழும் முடுக்கத்துக்கு ஈடான சமிக்ஞைகளைச் செலுத்தி அப்படிச் சோதித்திருக்க முடியும் என்று குழு கருதியது.

மூன்றாவது, எல்லாப் பகுதிகளையும் இணைத்துச் சோதித்த கட்டத்தில் உண்மையான கருவி பயன்படுத்தப்படவில்லை. அதன் இடத்தில் கருவியைப் போல விடை தரும் ஒரு பாவனை மென்பொருள் வைக்கப்பட்டது. கருவி தனிச் சோதனையில் ஏற்கெனவே தேறிவிட்டது, தேவையான நுட்பத்துடன் செயற்கைச் சமிக்ஞை தருவது கடினம் என்பன அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் சில. பாவனை மென்பொருளில் வழு இல்லை. எனவே சோதனைகள் எல்லாம் தேறின.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது விளங்கும். தனிச் சோதனையில் பார்க்காததை ஒருங்கிணைப்புச் சோதனை பார்க்கும் என்று ஒரு கட்டம் விட்டது. தனிச் சோதனையில் தேறிவிட்டது என்று சொல்லி மற்றொரு கட்டமும் விட்டது. ஒவ்வொரு முடிவுக்கும் தனியாகப் பார்த்தால் நியாயம் இருந்தது. இரண்டு விடுபடல்களும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்பதை மீளாய்வுக் கூட்டங்களும் கவனிக்கவில்லை.

விபத்துக்குப் பிறகு அதே மென்பொருளைத் தரையில் ஒரு கணினியில் ஏற்றி, 501 பறந்த பாதையின் தரவு கொடுக்கப்பட்டது. தோல்விக்கு இட்டுச்சென்ற நிகழ்வுகள் அப்படியே மீண்டும் நிகழ்ந்தன. ஏவுவதற்கு முன் செய்யாத சோதனை, ஏவிய பின் சில வாரங்களில் செய்து முடிக்கப்பட்டது.

சோதனைக் குறையா, வரையறைக் குறையா?

1997-இல் ழான்-மார்க் ழெசெக்கெல், பெர்ட்ரண்ட் மேயர் இருவரும் இதை அடிப்படையில் மறுபயன்பாட்டுப் பிழை என்று வாதிட்டனர். மென்பொருளின் ஒரு பகுதி எந்த எல்லைக்குள் மட்டும் சரியாக வேலை செய்யும் என்ற நிபந்தனை அந்தப் பகுதியோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. இதை மறுத்தவர்களும் உண்டு. நிபந்தனையை எழுதினாலும், சரியான பாதைத் தரவைக் கொண்டு யாராவது சரிபார்த்தால்தான் பயன் என்றனர். இரு தரப்பும் ஒன்றில் உடன்படுகின்றன. ஏரியான் 4-இன் எல்லைகள் ஏரியான் 5-இன் ஆவணங்களில் கண்ணில் படும்படி இல்லை.

பரிந்துரைகளும் படிப்பினையும்

விசாரணைக் குழு 14 பரிந்துரைகளை வழங்கியது. கிளம்பியவுடன் நேர்ப்படுத்தும் பணியை நிறுத்துவது, இயன்றவரை உண்மையான கருவிகளை இணைத்து முழு அமைப்பையும் சோதிப்பது, தேவைகளிலும் சோதனைத் திட்டத்திலும் பாதைத் தரவைச் சேர்ப்பது, ஏற்கெனவே உள்ள கருவிகளின் சோதனை எவ்வளவு தூரம் எட்டியது என்று மறுபடி ஆராய்வது, காரணங்களை விளக்கும் ஆவணங்களுக்கும் நிரலுக்கு இணையான கவனம் தருவது ஆகியன அவற்றுள் அடங்கும்.

இன்று திட்டப்பணி செய்யும் மாணவரும் இதைப் பயன்படுத்தலாம். மேற்சொன்ன வழுவுக்கு ஒரு சோதனை நேர்வு எழுதினால் அது பின்வருமாறு அமையும்.

நோக்கம்: எண் மாற்றம் எல்லையில் எப்படி நடக்கிறது என்று அறிதல்.
உள்ளீடு: 32,767, 32,768, −32,768, −32,769 ஆகிய மதிப்புகள். அடுத்து, புதிய ஏவூர்தியின் பாதையில் முதல் 50 வினாடிகளுக்கான வேகத் தரவு.
எதிர்பார்க்கும் விளைவு: எந்த மதிப்பிலும் கருவி நிற்காமல், பயன்படத்தக்க தரவைத் தொடர்ந்து அனுப்புதல்.
தோல்வி: கருவி நிற்பது, அல்லது பிழை அறிவிப்பு பறப்புத் தரவாக வெளியேறுவது.

நான்கே வரிதான். ஆயினும் இதை எழுத, மாறிக்கு எல்லை உண்டு என்பதும் புதிய பாதை அதைத் தாண்டக்கூடும் என்பதும் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தகவலை அவரிடம் கொண்டுவந்து சேர்ப்பது சோதனைத் திட்டத்தின் வேலை. வேறொரு திட்டத்திலிருந்து எடுத்த பகுதி எது, அது எந்தச் சூழலில் தேறியது, புதிய சூழல் எதில் மாறுபடுகிறது, எதைச் சோதிக்காமல் விடுகிறோம், அதை வேறு எந்தக் கட்டம் சோதிக்கும் என்ற கேள்விகளுக்குத் திட்டத்தில் விடை இருக்க வேண்டும். 'வேறு கட்டம் பார்க்கும்' என்று எழுதினால், அந்தக் கட்டத்தின் திட்டத்தைத் திறந்து அங்கே அது இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

பிற்கால நிகழ்வுகள்

ஏரியான் 5 இரண்டாம் முறையாக 1997 அக்டோபர் 30 அன்று பறந்து, ஓரளவு வெற்றி பெற்றது. மூன்றாம் பயணம் 1998 அக்டோபர் 21 அன்று முழு வெற்றி கண்டது. மீண்டும் கட்டப்பட்ட கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் 2000-ஆம் ஆண்டில் சோயுஸ் ஏவூர்திகளில் இரண்டிரண்டாக விண்ணுக்குச் சென்றன. இந்தியாவின் இன்சாட், ஜிசாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் பலவற்றை ஏரியான் 5 சுமந்தது. 2021 டிசம்பர் 25 அன்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியையும் ஏவியது. 2023 ஜூலை 5 அன்று தனது 117-ஆவது பயணத்துடன் அது ஓய்வு பெற்றது.

சோதனை ஆவணங்களுக்கான 829 தரநிலையின் இடத்தை 2013 முதல் வெளியான ஐ.எஸ்.ஓ. 29119 தரநிலைகள் எடுத்துக்கொண்டன. சோதனைக்கு உட்படுவது எது, உட்படாதது எது என்ற எல்லையைத் திட்டத்தில் எழுதிவைக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.