உண்டியல்: கடல் கடந்த தமிழரின் பணம் ஊர் வந்த வரலாறு

உண்டியல் என்பது ஓரிடத்தில் செலுத்திய பணத்தை வேறோர் இடத்தில் பெற்றுக்கொள்ள வழிசெய்யும் வணிகச் சீட்டு. வட இந்தியாவில் இது உண்டி என வழங்கியது. தமிழில் கோயில் காணிக்கைப் பெட்டிக்கும் இதே பெயர் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலிருந்து பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற தமிழர் தம் வருவாயை ஊருக்கு அனுப்பிய வழிகளில் இது முதன்மையானது. இந்தியாவில் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், இந்திய மொழிகளில் எழுதப்பட்ட இத்தகைய சீட்டுகளை அந்தந்த ஊர் வழக்கப்படியே நடக்க விட்டது. பிற்காலத்தில் அந்நியச் செலாவணிச் சட்டங்கள் வந்தபோது, நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும் உண்டியல் முறை சட்டவிரோதமானது. ஆயினும் அது மறையவில்லை.

செட்டிநாட்டு உண்டியல்

நாட்டுக்கோட்டை நகரத்தார் ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் ஆகிய நகரங்களில் வட்டிக்கடைகள் நடத்தினர். ரங்கூனில் மொகல் தெருவும் சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவும் இவர்களின் மையங்கள். பல கடைகள் ஒரே கட்டடத்தில் இயங்கிய இடம் கிட்டங்கி எனப்பட்டது. ஊரிலிருந்து அனுப்பப்பட்ட மேலாள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் கடையை நடத்திவிட்டு, கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்புவார்.

ரங்கூனில் ஒரு தொழிலாளி 100 ரூபாயைக் கடையில் கொடுத்தால், அந்த 100 ரூபாய் கப்பலேறுவதில்லை. கடைக்காரர் உண்டியல் எழுதுவார். சென்னையிலோ காரைக்குடியிலோ உள்ள தொடர்புக் கடை, தன் கையிருப்பிலிருந்து குடும்பத்துக்குப் பணம் கொடுக்கும். அதே காலத்தில் செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கு முதலீடும் போக வேண்டியிருந்தது. ஊருக்கு வர வேண்டிய கூலியும் பர்மாவுக்குப் போக வேண்டிய முதலும் இரு பக்கப் பேரேடுகளில் ஒன்றுக்கொன்று கழிந்தன. மீந்த தொகையை மட்டும் பிறகு தீர்த்துக்கொண்டனர். முறை முழுவதும் கடையின் நாணயத்தையும் உறவின் கட்டுப்பாட்டையும் நம்பி நடந்தது. வாக்குத் தவறிய கடை தன் சமூகத்திற்குள் மதிப்பை இழக்கும் என்பதே காசு கொடுத்தவருக்கு இருந்த பிணை.

எல்லாத் தொழிலாளரும் செட்டியார் கடைக்குப் போகவில்லை. 1880இல் இந்திய அஞ்சல் துறை மணியார்டர் முறையைத் தொடங்கியது. சிறு தொகை அனுப்புவோருக்கு அது வசதியாயிற்று. கரும்புத் தோட்டக் குடியேற்ற நாடுகளில் ஒப்பந்தக் கூலிகளின் பணத்தை அரசின் குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகமும் அனுப்பி வைத்தது. ஊருக்குத் திரும்புவோர் கையோடு காசும் நகையும் கொண்டு வருவதும் வழக்கம்.

நாணய மாற்று விகிதம்

பர்மாவிலும் இலங்கையிலும் அன்று ரூபாயே நாணயம். அங்கிருந்து அனுப்புவோருக்கு மாற்று விகிதம் பற்றிய கவலை இல்லை. மலாயாவில் நிலை வேறு. அங்கு கூலி டாலரில் கொடுக்கப்பட்டது. 1906இல் ஒரு மலாயா டாலர் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. அப்போது இந்திய ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 4 பென்ஸ். அதன்படி 10 டாலருக்கு 17 ரூபாய் 8 அணா கிடைக்கும். 1927இல் இந்திய அரசு ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 6 பென்ஸாகச் சட்டமாக்கியது. புதிய விகிதத்தில் அதே 10 டாலருக்கு ஏறத்தாழ 15 ரூபாய் 9 அணாதான். ரப்பர் மரம் சீவிய கையின் உழைப்பு குறையவில்லை. ஊரில் குடும்பம் பெறக்கூடிய தொகை மட்டும் ஒன்பதில் ஒரு பங்கு குறைந்தது.

திரும்பி வராத சேமிப்பு

1930ஆம் ஆண்டையொட்டி, பர்மாவில் செட்டியார்களின் முதல் சுமார் 75 கோடி ரூபாய் என பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன்பட்ட உழவர்கள் திருப்பிக் கொடுக்க இயலாமல் போனதால், கீழ் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார் கைக்கு வந்தது. நிலமிழந்த பர்மிய உழவரின் கசப்பு வளர்ந்தது. உண்டியலில் அனுப்பக்கூடிய பணமாக இருந்த முதலும் அனுப்ப முடியாத நிலமாக மாறியது.

1937ஆம் ஆண்டு பிப்ரவரி 10 அன்று எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் கிளைகள் திறக்கப்பட்டன. அந்நியச் செலாவணித் தொழிலே அதன் சிறப்பு நோக்கம். பேரேடும் உறவும் செய்த வேலையை நவீன வங்கி ஏற்கத் தொடங்கிய காலம் அது.

அடுத்த சில ஆண்டுகளில் போர் வந்தது. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகவும் கப்பலிலும் தாயகம் திரும்பினர். விடுதலைக்குப்பின் பர்மா 1948இல் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1963இல் வங்கிகள் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் தாள்கள் செல்லாது என அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் கப்பலேறிய தமிழர் பலர் வாழ்நாள் சேமிப்பை விட்டுவிட்டு வந்தனர்.

இலங்கை மலையகத் தமிழருக்கு அளவு கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியா திரும்பும் குடும்பங்கள் சேமலாப நிதி உள்ளிட்ட சொத்துகளைச் செலாவணி விதிகளுக்கு உட்பட்டு எடுத்துச் செல்ல அனுமதித்தது. குடும்பத்துக்கான உச்ச வரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்பதே அதில் தரப்பட்ட உறுதி. தேயிலைத் தோட்டத்தில் தலைமுறைகளாக உழைத்தவர்களின் பணத்துக்கும் எல்லையில் ஓர் உச்ச வரம்பு இருந்தது.

வளைகுடாவும் ஹவாலாவும்

வளைகுடா நாடுகள் பலவற்றில் 1960கள் வரை ரூபாயே புழங்கியது. 1959 முதல் இந்திய ரிசர்வ் வங்கி அப்பகுதிக்கெனத் தனி ரூபாய்த் தாள்களை அச்சிட்டது. 1966இல் ரூபாய் மதிப்புக் குறைக்கப்பட்டபின் கடைசி சில நாடுகளும் அதைக் கைவிட்டன. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்ததைத் தொடர்ந்து கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் தொழிலாளர் பெருமளவில் அங்கே சென்றனர்.

அதே 1973இல் இந்தியாவில் கடுமையான அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் (ஃபெரா) வந்தது. வங்கியில் அரசு நிர்ணயித்த விகிதம் ஒன்று, வெளிச் சந்தையில் மற்றொன்று. இந்த இடைவெளியில் ஹவாலா தழைத்தது. துபாயில் தொழிலாளி கொடுத்த திர்ஹம், கடத்தல் தங்கத்துக்கு விலையானது. தங்கத்தை இந்தியாவில் விற்றுக் கிடைத்த ரூபாய், அவரது குடும்பத்துக்குப் போனது. இரு பக்கக் கடன்களும் கழியும் பழைய உண்டியல் கணக்கே இது. கூலிக்கு எதிர்ப்பக்கத்தில் செட்டிநாட்டு முதல் இருந்த இடத்தில் இப்போது தங்கம் இருந்தது.

சட்டத்தை மட்டும் கொண்டு இதை ஒடுக்க இயலவில்லை. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. 1992இல் தாயகம் திரும்புவோர் தீர்வை செலுத்தி 5 கிலோ தங்கம் வரை கொண்டுவர அனுமதி கிடைத்தது. 1993 மார்ச்சில் ரூபாயின் மதிப்பு சந்தைக்கு விடப்பட்டது. விகித இடைவெளி சுருங்கியதும் வங்கி வழிப் பணவரவு பெருகியது. ஃபெராவுக்குப் பதிலாக 1999இல் இயற்றப்பட்ட ஃபெமா சட்டம், செலாவணி மீறல்களைப் பெரும்பாலும் அபராதத்துக்குரியவையாக மாற்றியது.

இலங்கை, 2021-22

போர்க்காலத்தில் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர், ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் உறவினருக்குப் பணம் அனுப்ப உண்டியலை நாடினர். போருக்குப்பின்னும் அப்பெயரும் பழக்கமும் நிலைத்தன. 2021 செப்டம்பர் முதல் இலங்கை மத்திய வங்கி ஒரு டாலரை ஏறத்தாழ 200 ரூபாயில் பிடித்து வைத்தது. உண்டியல்காரர்கள் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தனர். விளைவு வெளிப்படையானது. 2020இல் 710 கோடி டாலராக இருந்த வங்கி வழிப் பணவரவு, 2021இல் 549 கோடியாகவும் 2022இல் 379 கோடியாகவும் வீழ்ந்தது. எரிபொருளும் மருந்தும் வாங்க நாட்டிடம் டாலர் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 2022 மார்ச்சில் விகிதம் தளர்த்தப்பட்டது. 2023இல் வரவு 597 கோடியாக மீண்டது.

இன்றைய நிலை

உலக அளவில் 200 டாலர் அனுப்ப சராசரியாக 6 விழுக்காட்டுக்கு மேல் செலவாகிறது. 2030க்குள் இதை 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகளின் வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. 2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யுபிஐயும் சிங்கப்பூரின் பேநௌவும் இணைக்கப்பட்டன. சிங்கப்பூர்த் தொழிலாளி கைபேசியிலிருந்தே ஊருக்குப் பணம் அனுப்ப இது வழிவகுத்தது.

தொழில்நுட்பம் மாறினாலும் அனுப்புவோர் பார்ப்பவை மாறவில்லை: பணம் தவறாமல் சேருமா, கையில் எவ்வளவு கிடைக்கும் என்ற இரண்டுதான். இவ்விரண்டிலும் அரசு வழி பின்தங்கிய காலங்களில் உண்டியல் வளர்ந்தது. ஆனால் உண்டியலில் போன பணத்துக்கு ரசீதும் இல்லை, ஏமாற்றப்பட்டால் முறையிட இடமும் இல்லை. அந்த இழப்பை ஏற்பது எப்போதும் தொழிலாளியின் குடும்பமே.