தழும்பு மனிதர்கள்

ஸ்கூலுக்கு மட்டம் போட, நாம் எல்லோருமே ஒரு தடவையாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டிருப்போம். முதல் மணி அடிக்கிற நேரம் தாண்டியதும் வலி போன இடம் தெரியாது! ஆனால், டாக்டர் கத்தியை எடுத்து வயிற்றைக் கிழிக்கிற வரைக்கும் யாராவது நடிப்பார்களா?

நடித்தார்கள்! லண்டன் சென்ட்ரல் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் டாக்டராக இருந்த ரிச்சர்ட் ஆஷர், அப்படிப்பட்டவர்களைப் பார்த்தார். ‘உயிர் போகிறதே’ என்று துடிப்பார்கள். சட்டையைத் தூக்கினால், வயிறு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் பழைய ஆபரேஷன் தழும்புகள். சிலருக்கு ரத்த வாந்தி, சிலருக்கு வலிப்பு. குட்டு உடையப்போகிறது என்று தெரிந்தால், டாக்டரோடு சண்டை போட்டுவிட்டுக் கம்பி நீட்டிவிடுவார்கள். அப்புறம் வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, சில சமயம் வேறு பெயர்!

1951 பிப்ரவரியில் ‘லான்செட்’ இதழில் ஆஷர் இதற்கு வைத்த பெயர், ‘மன்ச்சாசன் சிண்ட்ரோம்’. மன்ச்சாசன் 18-ம் நூற்றாண்டு ஜெர்மானியப் பிரபு. ரஷ்யப் படையில் இருந்துவிட்டு வந்து, விருந்தாளிகளிடம் போர்க் கதை, வேட்டைக் கதை என்று அளந்தவர். 1785-ல் ராஸ்ப என்ற ஆசாமி அதையெல்லாம் இன்னும் ஊதி, இங்கிலாந்தில் புத்தகமாகப் போட்டுவிட்டார். பாவம், மனிதர் ஐரோப்பா பூராவும் புளுகர் ஆகிப்போனார்! ஊர் சுற்றுவது, கதை விடுவது... ஆஷருக்கு இந்த இரண்டு பொருத்தம் போதுமானதாக இருந்தது.

லீவுக்காக, நஷ்டஈட்டுக்காக நடிப்பவனுக்கு ஒரு கணக்கு உண்டு. காரியம் முடிந்ததும் எழுந்து போய்விடுவான். இவர்களுக்கு என்ன லாபம்? எல்லோரும் தன்னையே கவனிக்க வேண்டும் என்ற ஏக்கம், டாக்டர்கள் மேல் வன்மம், போதை மருந்து, போலீஸ் பயம், ஓசிப் படுக்கை என்று ஆஷர் யோசித்துப் பார்த்தார். கணக்கு உதைக்கிறது. ஒருவேளைச் சோற்றுக்கு வயிற்றைக் கிழிக்கக் கொடுப்பானா ஒருத்தன்?

ஆஷரின் எழுத்தில் கிண்டல் அதிகம். படிக்க ஜோர்தான். ஆனால், அந்தக் கிண்டல் நோயாளிகள் மேல் அப்படியே ஒட்டிக்கொண்டது. 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, இதை ஒரு மனநோயாக வரிசையில் சேர்த்தது.

இன்னொரு சிக்கல். பல தடவை திறந்து தைத்த வயிற்றுக்குள் தழும்புத் திசு வளர்ந்து குடலை இறுக்கிவிடலாம். அப்போது வருவது நிஜ வலி, நிஜ ஆபத்து. அன்றைக்கும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரிதான் கத்துவார். டாக்டர் கையில் இருப்பதோ, பழைய ஃபைல்!