எவர்டன் பார்க்கும் எங்க ஊர் டீக்கடையும்

கடையநல்லூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூரில் ஒரு பழைய முகவரி உண்டு: தஞ்சோங் பகார். துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பேட்டையில்தான் எங்கள் ஊரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் போன முஸ்லிம் குடும்பங்கள் பல குடியிருந்தன. 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியது. 1946-ல் அதன் முயற்சியில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி வந்தது. 1982-ல் பள்ளியை மூடிவிட்டார்கள். இன்று அதே வட்டாரத்தில், எவர்டன் பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், நைலான் காபி ரோஸ்டர்ஸ் என்ற சின்னக் கடை இருக்கிறது. 2012-ல் திறந்தது. தாத்தா மூட்டை தூக்கிய இடத்தைப் பார்க்கப் போகும் பேரன், திரும்பும் வழியில் அங்கே நின்று ஒரு காபி குடிக்கலாம்.

இப்போது இப்படிப்பட்ட கடைகளை நண்பர்களோடு சுற்றி வருவதே ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. காலையில் எவர்டன் பார்க். அடுத்து, தியோங் பாருவில் 2010-ல் வந்த ஃபார்ட்டி ஹேண்ட்ஸ். சாயங்காலம் டிர்விட் சாலையில், இரும்புச் சாமான் கடையின் பெயரோடு நடக்கும் காபிக்கடை, சை செங் ஹுவாட் ஹார்ட்வேர். நாலைந்து பேர் கிளம்பினால் ஒருநாள் போய்விடும். கடையநல்லூரிலும் நாலைந்து பேர் அந்திநேர மக்ரிபு தொழுகை முடிந்து டீக்கடைச் சுற்று போகிறார்கள். இந்த இரண்டு சுற்றையும் ஒப்பிட்டால் யார் நாகரிகம், யார் பட்டிக்காடு என்று தீர்ப்புச் சொல்லத்தான் பலருக்கும் வாய் வரும். விஷயம் அங்கே இல்லை.

முதலில் கைவேலையைப் பார்ப்போம். எவர்டன் பார்க் மாதிரியான ஸ்பெஷாலிட்டி காபிக் கடையில் 15 கிராம் கொட்டையைத் தராசில் நிறுத்து, அந்த நிமிடமே அரைக்கிறார்கள். கூம்பில் தாள் வடிகட்டியை விரித்து, வெந்நீரால் நனைத்துவிட்டுத் தூளைக் கொட்டுகிறார்கள். 93 டிகிரி வெந்நீர், வளைந்த மூக்குள்ள கெண்டியில். கொஞ்சம் ஊற்றி அரை நிமிடம் விட்டால் தூள் பொங்கி எழும்பும். வறுக்கும்போது கொட்டைக்குள் தங்கிய கரியமில வாயு வெளியே வருகிறது. கொட்டை பழசாக இருந்தால் அது எழும்பாது. அப்புறம் சிறுகச் சிறுக 240 மில்லி தண்ணீர். மூன்று நிமிடத்தில் ஒரு கோப்பை.

அந்த மூன்று நிமிடத்தில் எங்கள் டீ மாஸ்டர் ஒரு பெஞ்சையே முடித்து அனுப்பிவிடுவார். பாய்லர் வெந்நீரில் கிளாஸை அலசுவது, துணிப்பையில் டிகாஷன் இறக்குவது, பால், சீனி, ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி ஆற்றுவது எல்லாம் ஒரே ஓட்டம். தராசும் கிடையாது, வெப்பமானியும் கிடையாது. ஆனால் ஒருவருக்கு ஸ்ட்ராங், ஒருவருக்கு லைட், சர்க்கரைக்காரர் ஒருவருக்குச் சீனி இல்லாமல். எது யாருக்கு என்று அவர் கேட்பதே இல்லை. எவர்டன் பார்க்கில் கொட்டையைப் பற்றி எல்லாம் தெரியும், குடிக்க வந்தவரைப் பற்றி எதுவும் தெரியாது. எங்கள் பஜார் டீக்கடையில் நேர்மாறு.

பேச்சும் அதற்கேற்றபடிதான். அங்கே ஆளுக்கொரு காபி சொல்லி, ஒருவர் கோப்பையை ஒருவர் வாங்கி வாய் நனைத்து, பேச்சு முழுக்கக் காபியாகவே இருக்கும். “ஆரஞ்சுத் தோல் வாசம் வருதா மச்சான்?” “எனக்குப் புளியங்காதான் வருது.” இரண்டும் சரியாக இருக்கலாம். மென்மையாக வறுத்த நல்ல கொட்டையில் பழத்தின் புளிப்பு மிஞ்சி நிற்கும்; சிக்கரி கலந்த டிகாஷனில் வளர்ந்த நாக்கு அதைக் காபியாக ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாளாகும். எங்கள் பெஞ்சில் டீயைப் பற்றிப் பேச்சே எழாது. எழுந்தால் அது புகார்: “என்ன பாய், இன்னைக்கு கழனித்தண்ணியா இருக்கு?” மற்றபடி நிலத்தகராறு, கல்யாணம், துபாய் விசா, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா இல்லையா. காசு கொடுப்பதிலும் அப்படித்தான். அங்கே அவரவர் போனை அவரவர் நீட்டுகிறார்கள். இங்கே ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்தாக வேண்டும்.

இந்த ஒப்பீட்டில் ஒரு குறுக்குச்சுவர் இருக்கிறது. சிங்கப்பூரின் சாதாரண கோப்பிக் கடை எவர்டன் பார்க்கைவிட எங்கள் பஜாருக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். ரொபஸ்டா கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து, துணிப்பையில் வடித்து, கட்டிப்பாலில் கலக்குவார்கள். தமிழ் முஸ்லிம்களின் சரபத் கடையில் இழுத்து ஆற்றும் தே தாரேக்குக்கு விளக்கமே தேவையில்லை. அதனால் கோடு விழுவது இரண்டு ஊர்களுக்கு நடுவில் அல்ல, குடிப்பதில் இரண்டு பழக்கங்களுக்கு நடுவில். பழக்கத்தோடு வர்க்கமும் ஒட்டிக்கொண்டுதான் வரும். காபி நடுத்தர வர்க்கத்துக்கு, டீ உழைப்பாளிக்கு என்று தமிழ்நாட்டில் பிரிந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’யில் எழுதியிருக்கிறார். கோப்பைக்கு ஏழெட்டு சிங்கப்பூர் வெள்ளி வாங்கும் ஸ்பெஷாலிட்டி காபி அதே கதையின் அடுத்த அத்தியாயம்.

உண்மையான வித்தியாசம் கோப்பையோடு வரும் சின்ன அட்டையில் இருக்கிறது. எந்த நாடு, எந்தத் தோட்டம், எத்தனை மீட்டர் உயரம், என்ன ரகம், பழத்தைக் கழுவி உலர்த்தினார்களா அப்படியே உலர்த்தினார்களா என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஸ்பெஷாலிட்டி காபி என்ற பேச்சை 1974-ல் தொடங்கிவைத்த எர்னா நட்சன் என்ற அமெரிக்க வியாபாரி சொன்னதும் இதுதான்: குறிப்பிட்ட மண்ணும் காலநிலையும் தரும் தனிச் சுவை. 100-க்கு 80 மதிப்பெண்ணாவது வாங்கினால்தான் அந்தப் பெயர் என்ற வழக்கம் பின்னால் வந்தது.

நம் பக்கம் கொட்டைக்குப் பெயரில்லாமல் போனதற்கு நாக்கு காரணமில்லை. 1940-களிலிருந்து இந்தியத் தோட்டக்காரர்கள் தங்கள் விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுக்குவியலில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பாடுபட்டு விளைவித்தவர் சரக்கும் ஏனோதானோவென்று விளைவித்தவர் சரக்கும் ஒன்றாகக் கலந்து ஏலத்துக்குப் போயின. 1990-களில் இந்தக் கட்டாயம் தளர்ந்து 1996-ல் முழுக்க நீங்கிய பிறகுதான் தோட்டங்கள் தம் பெயரில் விற்கத் தொடங்கின. ஏற்காட்டின் ரிவர்டேல், பிலிகிரிரங்கன் மலையின் அட்டிக்கான் போன்ற பெயர்கள் பாக்கெட்டில் ஏறின. 2013-ல் டெல்லியில் தொடங்கிய ப்ளூ டோக்காய் அவற்றை நகரங்களுக்குக் கொண்டுபோனது.

டீயில் இன்னும் மோசம். டீக்கடைக்கு வரும் தூளில் பல தோட்டங்கள் கலந்திருக்கும். எது எங்கே விளைந்தது என்று மாஸ்டருக்கும் தெரியாது. எங்கள் மலைத்தொடரிலேயே தெற்கே, தேயிலை விளைந்த மாஞ்சோலை இருக்கிறது. அந்தப் பெயர் எங்களுக்கு டீ கிளாஸ் வழியாகவா தெரிந்தது? 1999 ஜூலை 23-ல் அந்தத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் போன ஊர்வலத்தில், போலீஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கியவர்களில் 17 பேர் செத்தபோதுதான் பெரும்பாலோருக்குத் தெரிந்தது. கூலி உயர்வும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று.

இந்த இடத்தில் அட்டையையும் நான் முழுசாக நம்புவதில்லை. உயரத்தை மீட்டர் கணக்கில் எழுதுகிறவர்கள் பழம் பறித்தவருக்கு என்ன கூலி என்று எழுதுவதில்லை. ஆனாலும் பெயர் என்று ஒன்று இருந்தால்தான் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியும். டீக்கடை பெஞ்சில் அதற்கும் வழியில்லை.

ஆகவே கூட்டாளிகளோடு உட்கார எனக்குப் பஜார் பெஞ்சுதான். அதில் மாற்றமில்லை. ஆனால் வாங்கிக் குடிக்கும் சரக்கைப் பற்றிய நேர்மையில் எவர்டன் பார்க் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் காபித்தூள் அரைத்து விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிக்கரி கலவையில் 51 சதவீதமாவது காபி இருக்க வேண்டும், இரண்டின் சதவீதத்தையும் பாக்கெட்டில் போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதன் கீழே இன்னும் இரண்டு வரி அச்சடியுங்கள்: கொட்டை எந்தத் தோட்டத்தது, என்றைக்கு வறுத்தது. கால் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டி வைத்தாலும் நான் வாங்கத் தயார்.